ஈர மருந்து

கொழும்பு,
4-2-1952

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள மச்சான் தாமஸுக்கு,

சிலுவைமுத்து எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். என் தங்கை ரோசிக்கு மூட்டுவலி எப்படி? நீ எழுதாவிட்டால் அவளாவது எழுதலாமே, புருஷன் பெண்சாதி இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் கை வலியா?

ஒரு காரியம். என் கடை முதலாளி பழைய துப்பாக்கிகள் சேர்க்கிறவர். முப்பத்துநாலாம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு எண்ணூர்ப் பந்தயத்தில் நீ ஜெயித்த ரைபிளைப் பற்றிச் சொன்னேன். குழல் வழியாக வெடிமருந்து கெட்டித்து, கேப்பு என்ற பொட்டுவெடி வைத்துக் குறி சுடும் ரைபிள் என்றதும் பிடித்துக்கொண்டார். அது எந்த நிலையில் இருக்கிறது, விவரமாக எழுது.

எனக்கு அதை நினைத்தால் இன்னும் வெட்கம். நெட்டுக்குப்பத்திலிருந்து படகில் மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் நான். எல்லார் கையிலும் அதே ரைபிள் வெடித்தது. கடைசியாக என் முறையில் கேப்பு மட்டும் டப்பென்றது. பெட்டி அடியில் இருந்த மருந்தை நான் நனைத்துவிட்டதாகச் சொன்னார் பந்தயம் நடத்திய கிடங்கு துரை. ஜெயித்தவனுக்கென்று வைத்திருந்த ரைபிளும் கிடங்குக் காவல் மேஸ்திரி வேலையும் உனக்குப் போயின. எனக்கு 'ஈர மருந்து' என்ற பேர் மிஞ்சியது. "இன்னா ஈர மருந்து, மழ வர்ற மாரி கீது, வூட்டுக்குப் போவலியா?" என்று கேட்காதவன் ராயபுரத்தில் யார்? அதற்குப் பயந்துதானே கப்பல் ஏறினேன். இன்றைக்கும் எதைத் தூக்கினாலும் அடியைத் தடவி ஈரமா என்று பார்க்கிறேன்.

சிலுவைமுத்து

ராயபுரம்,
19-2-1952

அன்புள்ள மச்சான்,

ரைபிள் நன்றாக இருக்கிறது. கட்டையில் சாண் நீளத்துக்கு ஒரு கீறல், கரையான் இல்லை. குதிரையை இழுத்தால் இரண்டு இடத்தில் சொடுக்கி நிற்கிறது. கேப்பு வைக்கும் முளையில் கொஞ்சம் துரு. குழலின் வெளியே பழுப்பு நிறம் போகவில்லை. ரோசி புளி போட்டுத் தேய்க்க வந்தாள், தடுத்துவிட்டேன். "மாதா சொரூபத்தவிட அத்தத்தான் தொடச்சிகினு கீற" என்று ஏசுகிறாள்.

ஆனால் விற்க மனமில்லை. முதலாளியிடம் சொல்லிவிடு.

தாமஸ்

கொழும்பு,
3-3-1952

அன்புள்ள மச்சான்,

வெளியே எல்லாம் எழுதினாய், குழலின் உள்ளே எப்படி என்று ஒரு வரி இல்லையே. கெட்டிக்கும் கோலை உள்ளே விட்டுப் பார். வெறும் குழலானால் கோல் முழுக்க இறங்கும். விற்காவிட்டால் போகிறது; பழைய மருந்து ஏதும் கிடந்து, ரோசி துடைக்கும்போது வெடித்துத் தொலைக்கப் போகிறதே என்றுதான் எனக்குக் கவலை. மறக்காமல் பார்த்து எழுது.

சிலுவைமுத்து

ராயபுரம்,
16-3-1952

மச்சான்,

கோலை விட்டுப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு விரல் வெளியே நிற்கும். பதினேழு வருஷமாக எனக்குத் தெரியும்.

மருந்தும் குண்டும் இருந்தால் நாலு விரல் நிற்கும். குண்டு மட்டும் இருந்தால் ஒரு விரல். அன்று எல்லாருக்கும் கெட்டித்துக் கொடுத்தவன் நான். உன் முறைக்கு மருந்தை அளக்கிற நேரத்தில் துரை கூப்பிட்டார். திரும்பி வந்து, போட்டாயிற்று என்ற நினைப்பில் குண்டை இறக்கிவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, மாதா சாட்சி. சாயங்காலம் துடைக்கக் கோலை விட்டபோதுதான் தெரிந்தது. அதற்குள் வேலை எனக்கென்று சொல்லியாயிற்று. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். நாளைக்குள் உனக்குப் பேர் வைத்துவிட்டார்கள். அந்தக் குண்டு இன்னும் உள்ளே இருக்கிறது.

மருந்து நனையவில்லை, சிலுவை. ஒரு பொட்டுகூட நனையவில்லை.

தபசு காலம் தோறும் ராயப்பர் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். இதை மட்டும் சாமியாரிடமும் சொன்னதில்லை. ரோசிக்கும் தெரியாது. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தாமஸ்

கொழும்பு,
30-3-1952

தாமஸுக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அப்புறம் பொறுக்கி ஒட்டி மறுபடி படித்தேன், நனையவில்லை என்ற அந்த ஒரு வரிக்காக. என் பிள்ளையிடமே, "அப்பன் கவனமில்லாதவன், நீ அப்படி இராதே" என்று சொல்லி வளர்த்திருக்கிறேன். நேற்று சாயங்காலம் அவனைக் கூப்பிட்டு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

ஈஸ்டர் முடிந்ததும் வருகிறேன். அதற்குள் ரோசியிடம் நீயே சொல்லிவிடு. முதலாளிக்கு ரைபிள் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

குண்டைப் பிடுங்காதே, நான் வந்து பிடுங்குகிறேன். அப்புறம் புதுசாகக் கெட்டித்துக் கொடு. எண்ணூரில் என் முறை இன்னும் பாக்கி. வலது கண்ணில் புரை விழுந்திருக்கிறது, குறிப் பலகையைக் கொஞ்சம் கிட்ட வை. மருந்துப் பெட்டியை இந்தத் தடவை நீ மடியில் வைத்துக்கொண்டு வா.

உன் மச்சான்,
சிலுவைமுத்து