தமாயோவின் பாறைக்கு இருபத்திரண்டு முத்திரைகள்

பிப்ரவரி 9, ஞாயிறு
ஊறுகாய்ப் பானையின் மேல் பாரமாக வைக்கும் கல்லை இன்று கழுவினேன். அடியில் வெள்ளை மையில் ‘114’ என்று தமாயோவின் கையெழுத்து! பத்து வருடமாக என் முட்டைக்கோசை நசுக்கிக்கொண்டிருந்தது என் மனைவியின் பாறை ஆராய்ச்சி என்பதே எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்துதான் இருக்கும். “இருபது கோடி வருஷமா சும்மா கெடந்த கல்லு, ஒரு வேலை பாக்கட்டுமே” என்றிருப்பாள். அவள் இறந்து நாலு மாதம்.

பிப்ரவரி 11
சுற்று அட்டை வந்தது. எங்கள் தெருவின் இருபத்திரண்டு வீடுகளும் உள்ளே செருகிய அறிவிப்புத் தாள்களைப் பார்த்து, கையெழுத்துக்குப் பதில் வீட்டுப் பெயர் முத்திரை குத்தி, அடுத்த வீட்டுக்குத் தள்ள வேண்டிய அட்டை. நம் வீடு கடைசி. ஐந்து விநாடியில் குத்தினேன். பஸ் ஓட்டுகிறவனுக்கு நேரம் முக்கியம்.

பிப்ரவரி 20
தெருச் சங்கத் தலைவர் குவாபரா பஸ்ஸில் ஏறி, என் காதருகே குனிந்தார். “ஹிரானுமா, உங்க வீட்டம்மாவுக்கு நினைவுக்கல் வெக்கிறோம். ஆத்தோரம், அவங்க ஆராய்ச்சி பண்ண பாறைக்கு எதிர்லயே. கறுப்பு கிரானைட், வெளிநாட்டுச் சரக்கு, பளபளன்னு முகம் பாக்கலாம். நீங்கதான் பேசணும்.”
பெருமையில் ஒரு நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அங்கே நின்றிருந்த பல் டாக்டர் குடையை ஆட்டித் திட்டினார். மாலையில் கழுத்துப்பட்டை தேடினேன். கிடைத்தது ஒன்றுதான், சாவுக்குக் கட்டிய கறுப்பு.

மார்ச் 2, ஞாயிறு
ஒசாகாவிலிருந்து நாகிஸா வந்தாள். விழாவில் பேசப்போகும் உரையைப் படித்துக் காட்டினேன். மகள் கேட்கவில்லை. மேசைமேல் கிடந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விழாவுக்காகக் குவாபரா கொடுத்துவிட்டது; பிப்ரவரி அட்டையில் வந்த தாளின் நகலாம். முதல் பத்தி நினைவுக்கல். இரண்டாவது பத்தியை உரக்கப் படித்தாள்: பார்வையாளர் பாதுகாப்புக்காகப் பாறைச் சரிவு முழுவதும் சிமென்ட் பூசப்படும். சம்மதிப்போர் முத்திரையிடவும்.
கடைசிக் கட்டத்தில் என் முத்திரை. நேராக, அழகாக.
“அந்தப் பாறைய மூடக் கூடாதுன்னு அம்மா பதினோரு வருஷம் டவுன் ஆபீசுக்கு நடந்தாங்க. மேல மண்ணுல மீன்கொத்திப் பொந்து இருக்கு, அதுக்கும் சேத்து நடந்தாங்க. நீங்க ஒரே குத்துல முடிச்சிட்டீங்கப்பா.”
“எல்லாரும் குத்தியிருந்தாங்கம்மா.”
இதுதான் நான் சொன்ன பதில். ஐம்பத்தெட்டு வயது ஆள்!
நாலு மணி ரயிலுக்கே போய்விட்டாள். ஊறுகாயைத் தொடவில்லை.

மார்ச் 3
இன்றும் ஒரு நிறுத்தம் தவறியது. பெருமையினால் அல்ல.

மார்ச் 8
அந்தப் பாறை இல்லாவிட்டால் எனக்குக் கல்யாணமே இல்லை. தமாயோ முதல்முதலாக என் பஸ்ஸில் ஏறிய அன்று, நிறுத்தமே இல்லாத இடத்தில் மணியை அடித்தாள். “இங்க பஸ் நிக்காதும்மா” என்றேன். “பாறை நிக்குதே, பஸ் நிக்காதா?” என்றாள். நிறுத்தினேன். மடித்துப்போட்ட மெத்தை மாதிரி சிவப்பும் பச்சையுமாய் அடுக்கடுக்காக இருந்தது. என் கண்ணுக்குச் சுவர். அவள் போய் அதன்மேல் கன்னத்தை வைத்தாள்.
பிரசவ வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் காரை நிறுத்தச் சொன்னாள். மழையில் மண் சரிந்து புது அடுக்கு தெரிந்ததாம். “வலி ஆறு நிமிஷத்துக்கு ஒருதரம்தான் வருது, ரெண்டு நிமிஷம் நிறுத்துங்க.” அன்று பிறந்தவள்தான் நாகிஸா. நடக்கத் தெரிந்ததும் அவளுக்குத் தனிச் சுத்தியல். இருவரின் சோற்றுருண்டையிலும் மணல் கடிபடும். கேட்டால், “தாது உப்பு” என்பார்கள்.
இதையெல்லாம் உரையில் எழுதவில்லை. ‘மாபெரும் அறிவியலாளர்’ என்று எழுதிவைத்திருந்தேன். அறிவு கெட்டவன்.

மார்ச் 10
குவாபரா வீட்டுக்குப் போனேன். முத்திரையைத் திரும்பப் பெறவேண்டும் என்றேன்.
“குத்தினதத் திரும்ப எடுக்கறதா? மத்த வீட்டுக்காரங்க முகத்துல எப்பிடி முழிப்பீங்க?”
“நான் படிக்காமக் குத்திட்டேன் ஐயா. நீங்க படிச்சீங்களா?”
“நல்லாக் கேட்டீங்க! ஒரு எழுத்து விடாமப் படிக்காம நான் எதுலயும் குத்தறதில்ல.” மே மாதம் வேலை ஆரம்பமாம். சிமென்ட்டுக்குச் சொல்லியாகிவிட்டதாம்.
தேநீர் கொடுத்தார். குடித்தேன். அதையும் மறுக்க வரவில்லை.

ஏப்ரல் 1
ஏப்ரலில் சுற்று முறை மாறும்; இந்த வருடம் அட்டை நம் வீட்டிலிருந்து கிளம்பவேண்டும். அடுத்த வீடு குவாபரா. குப்பை நாள் மாற்றம் ஒரு தாள், வாய்க்கால் தூர்வாரல் ஒரு தாள். நடுவே என் தாள். பொடி எழுத்தில் எழுதினால் ஏமாற்று. ஆகவே கட்டை எழுத்தில் எழுதினேன்: நினைவுக்கல் வேண்டாம், பாறைக்குச் சிமென்ட் வேண்டாம், முன் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறோம். முதல் முத்திரை என்னுடையது. கோணலாக விழுந்தது.

ஏப்ரல் 9
அட்டை திரும்பி வந்தது. எண்ணினேன். மறுபடி எண்ணினேன். இருபத்திரண்டு.
அட்டையைக் கொண்டுவந்த கடைசி வீட்டு நிஷிவாகி அம்மா ஒரே ஒரு குறை சொன்னார்: “பாட்டில் குப்பைய வியாழக்கெழமைக்கு மாத்திட்டீங்களே, நியாயமா இது?”

ஏப்ரல் 24
டவுன் ஆபீசில் கூட்டம். பொறியாளர் இரண்டு தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். அதே இருபத்திரண்டு வீடுகள், அதே முத்திரைகள். “இதுல எது உங்க முடிவு?”
‘படிக்காமல் குத்தினேன்’ என்று சொல்லவேண்டும், அல்லது ‘மனம் மாறினேன்’ என்று சொல்லவேண்டும். குவாபராவின் காது சிவந்தது. என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.
“நல்லாப் படிச்சு, நல்லா யோசிச்சு, மனசு மாறினோம்” என்றார் கடைசியில். உடனே எல்லாத் தலையும் ஆடியது. நிஷிவாகி அம்மா கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். பொறியாளர் பிப்ரவரித் தாளில் ‘ரத்து’ என்று எழுதினார்.

ஏப்ரல் 25
நாகிஸாவுக்குப் போனில் சொன்னேன். மூக்கை உறிஞ்சினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா? “அப்பா, இந்த வாட்டியாவது நீங்க படிச்சீங்களா?” என்றாள்.
“நான்தாம்மா எழுதினேன்.”
“அதான் கேக்கறேன்.”

ஜூன் 14
பாறைக்கு மேலே மீன்கொத்தி. ஒன்று. இல்லை, இரண்டு. பஸ்ஸில் ஆள் இல்லை; நிறுத்தினேன்.

அக்டோபர் 5, ஞாயிறு
அட்டை சுற்றிவிட்டு வந்தது. இப்போதெல்லாம் அனுப்பும்போதும் படிக்கிறேன், திரும்பி வந்தபின்னும் படிக்கிறேன். அதனால் தாமதமாகிறது என்று தெருவே முணுமுணுக்கிறது.
நான் வைக்காத தாள் ஒன்று உள்ளே இருந்தது. குவாபராவின் கையெழுத்து, கட்டை எழுத்து: 12-ம் தேதி காலை, பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமாயோவின் பாறையைச் சுற்றிக் காட்டி விளக்குபவர், ஹிரானுமா. இருபத்தொரு முத்திரைகள். நம் வீட்டுக் கட்டம் மட்டும் காலி.
பழி வாங்கிவிட்டார் கிழவர். எனக்குத் தெரிந்த கல் ஒன்றே ஒன்று, அதுவும் ஊறுகாய்ப் பானைமேல்.
நாகிஸாவைக் கூப்பிட்டேன். சனிக்கிழமையே வருகிறாளாம், சுத்தியலோடு. அந்த 114-ஐக் கழுவித் துடைத்துப் பையில் வைத்தேன்.
பிறகு தாளை இன்னொரு தடவை, ஒரு எழுத்து விடாமல் படித்தேன்.
குத்தினேன்.