நல்லதண்ணிக் கிணற்றுக் கரடி

ஆடி மாதம், வெள்ளிக்கிழமை இரவு.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல, மருமகன் எழுதுகிறார்.

ஆத்தா திருவிழாவுக்காக இன்று எங்கள் நல்லதண்ணிக் கிணற்றில் சுண்ணாம்பு கொட்டினார்கள். பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

ஆங்கிலேயர் எங்கள் பழவேற்காட்டு டச்சுக் கோட்டையைப் பிடித்ததற்கு முந்தின வருஷம் அது. ஒல்லாந்து வைத்தியர் அந்தக் கிணற்றுப் பாசியைப் பிழிந்து, பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். என் தங்கை எல்லம்மாதான் முதலில் குனிந்தாள்.

"இன்னாண்ணா இது, கரடி மாதிரி! காலு எட்டு கீது. நம்ம நாட்டாமை கணக்கா ஆடி ஆடி நடக்குது."

"கூரைப்பாசியில் இருக்கிற கரடிப்பூச்சி வேறே ஜாதி," என்றார் வைத்தியர். "இது தண்ணிக்குள்ளேயே வாழுது, நகமும் நீளம். இன்னும் ரெண்டு பார்த்து வரைஞ்சிட்டா, பழவேற்காடுன்னே பேர் வைப்பேன்."

அடுத்து நாட்டாமை பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "இதையாடா நம்ம புள்ளைங்க குடிக்குதுங்க?" என்று அந்தத் தண்ணித் துளியைக் கையாலேயே துடைத்தெறிந்தார். அடுத்தது என் முறை; நான் குனிவதற்குள் அது போய்விட்டது.

திருவிழாவுக்கு மட்டும் போடும் சுண்ணாம்பை அன்று மாலையே கூடை கூடையாகக் கிணற்றில் கொட்டி, சுவர்ப் பாசியையும் சுரண்டிவிட்டார்கள். பிள்ளைகளுக்காகப் பயந்தார்கள், குற்றம் சொல்ல வாயில்லை.

வைத்தியர் கிணறு கிணறாகத் தேடினார். அந்த நீளநகக் கரடி அகப்படவே இல்லை. "வரையாததை யார் நம்புவாங்க?" என்றார், கப்பலேறும்போது.

அவரும் அங்கேயே கண்ணை மூடிவிட்டாராம், நாட்டாமையும் போய்விட்டார். அதைக் கண்ணால் பார்த்தவர்களில் இன்று உயிரோடிருப்பது எல்லம்மா ஒருத்திதான்.