பெரிய வாரத்து ஒறுத்தல்

மதினி,

இன்று சாம்பல் புதன். விடிந்ததும் முன்கூடத்துச் சிலுவைக்குப் பின்னால் செருகியிருந்த குருத்தோலையை எடுத்தேன். போன வருஷம் குருத்து ஞாயிறன்று நீங்கள் பின்னிக் கொடுத்த சிலுவை அது. அன்றைக்கு இளந்தேங்காய் மாதிரி வாசம் அடித்தது. இப்போது பழைய பாயின் வாசம்தான். மூக்கருகே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பூசைக்கு முன்னால் கோயில் முற்றத்தில் பழைய ஓலைகளை எரித்து, அந்தச் சாம்பலைத்தான் சாமியார் நெற்றியில் பூசுவார். எல்லாரும் கொண்டுபோய்ப் போட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிட்டார். எனக்குத்தான் அதைக் கொடுக்க மனசில்லை.

அந்த ஞாயிறு உங்களுக்கு நினைவிருக்கும். பூசை முடிந்து உங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஓலை பின்னிக்கொண்டிருந்தோம். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துக்கு என்ன ஒறுத்தல் செய்யலாம் என்று கேட்டேன். ஒவ்வொரு வருஷமும் மீனை விடுவேன், கறியை விடுவேன், கடவுளுக்கென்று ஏதாவது ஒன்றை விடுவேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"மீன் திங்காம இருக்கிறது ஒறுத்தலா? எனக்கு மீனே பிடிக்காது. முப்பது வருசமா அந்தச் சாமிய ஏமாத்திக்கிட்டு இருக்கேன்."

பிறகு நீங்களே ஒரு விதி போட்டீர்கள். இந்த வாரம் சாப்பாட்டில் ஒன்றும் விட வேண்டாம். மனசு எதைச் செய்ய மாட்டேன் என்கிறதோ அதைச் செய்ய வேண்டும். அதையும் தனக்குத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்கானதை நீங்கள் சொல்வீர்கள், உங்களுக்கானதை நான் சொல்வேன். "தனக்குத் தானே குடுத்துக்கிட்டா நாம லேசாத்தான் குடுத்துக்குவோம், நாத்தனாரே."

திங்கட்கிழமை எனக்கு நீங்கள் கொடுத்தது, கணக்கு நோட்டைத் தொடக் கூடாது என்பது. கறிவேப்பிலை வாங்கினாலும் எழுதி வைக்கிற எனக்கு அன்றைக்கு முழுக்கக் கை அரித்துக்கொண்டே இருந்தது. சாயங்காலம் வந்து எட்டிப் பார்த்தீர்கள். "செலவை எல்லாம் எழுதுற. சிரிச்சதுக்கு அதுல ஒரு வரி இருக்கா?" என்றீர்கள். நான் உங்களுக்குக் கொடுத்தது, மருமகள் வைக்கிற குழம்பை ஒரு சொல் சொல்லாமல் சாப்பிடுவது. மறுநாள் வந்து முறையிட்டீர்கள்: "உப்பே இல்ல. ரெண்டாந் தடவையும் வாங்கித் தின்னேன். இதுக்கு நான் மீனையே விட்டிருக்கலாம்."

இப்படிச் சிரிப்பும் சிணுங்கலுமாகத்தான் அந்த வாரம் தொடங்கியது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

வியாழக்கிழமைக்கு என்னைக் கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்கச் சொன்னீர்கள். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். பலசரக்குக் கடையில் பொட்டலம் கட்டித் தரும் பேப்பரிலும் ஜெபப் புத்தகத்திலும் எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் வாசிக்கக் கற்றுக்கொண்டேன். அதுவும் வாய்க்குள்தான். ஊரார் முன்னால் மைக்கில் வாசிப்பதா? முடியாது என்று அழுதேன். நீங்கள் அதற்குள் கோயில் காரியம் பார்க்கிற உபதேசியாரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தீர்கள். அன்று சாயங்காலம் பாதி வாசகத்தில் ஒரு பெரிய சொல்லில் நாக்குச் சிக்கிக்கொண்டது. கோயிலே அமைதியாக இருந்தது. பெண்கள் பக்கத்து முன் வரிசையில் நீங்கள் தலையை லேசாக அசைத்தீர்கள், மாட்டைப் பள்ளத்தில் இருந்து மேலே கூப்பிடுகிற மாதிரி. அந்தச் சொல்லை மறுபடி முதலில் இருந்து எடுத்து வாசித்து முடித்தேன்.

வெளியே வந்ததும், "தடுக்கி விழுந்தே, எந்திரிச்சே. அம்புட்டுத்தான்" என்றீர்கள்.

எனக்கு அப்போது ஒரு தைரியம் வந்திருந்தது. அந்தத் தைரியத்தில்தான் சொன்னேன். "நாளைக்கு உங்களுக்குச் சுருளிப்பட்டி, மதினி."

உங்கள் முகம் மாறியது. சுருளிப்பட்டியில் இருப்பது உங்கள் கூடப்பிறந்த தங்கை. உங்கள் அம்மா அவள் வீட்டில்தான் படுத்த படுக்கையாகக் கிடந்து செத்தார்கள். நீங்கள் அப்போது மலைக்கு மேலே எஸ்டேட்டில் ஏலக்காய் எடுக்கிற வேலையில் இருந்தீர்கள். மழையில் ஜீப் இறங்க முடியாமல் நீங்கள் வந்து சேர்ந்தபோது குழியை மூடிவிட்டார்கள். ஒரு கைப்பிடி மண்ணாவது போட வேண்டும் என்று நீங்கள் குனிந்தபோது, உங்கள் தங்கை எல்லார் முன்னாலும் சொன்னாள்: "மூடியாச்சு. மலைக்கே போ." அன்றோடு பேச்சு நின்றது. அவள் மகள் கல்யாணத்துக்கும் நீங்கள் போகவில்லை, உங்கள் மகன் கல்யாணத்துக்கும் அவள் வரவில்லை.

"வேற எதாச்சும் குடு" என்றீர்கள்.

"விதி நீங்க போட்டது."

"நீ மறந்திருப்பேன்னு நெனச்சேன்."

"கணக்கு எழுதுறவ மறப்பாளா?"

பெரிய வெள்ளியன்று காலையிலேயே கிளம்பினோம். மத்தியான வழிபாட்டுக்குள் திரும்ப வேண்டும். கம்பம் டவுனில் இறங்கி மினிபஸ் ஏறினோம். இரண்டு பேருமே உபவாசம். திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே வண்டி போனது. முந்தானைக்குள் இன்னொரு குருத்தோலைச் சிலுவையை மறைத்து வைத்திருந்தீர்கள். அவளுக்கென்று பின்னியது. அதை என்னிடம் நீங்கள் சொல்லவே இல்லை.

கதவு சாத்தியிருந்தது. தட்டினீர்கள். பேரைச் சொல்லிக் கூப்பிட்டீர்கள். "நான்தேன், அக்கா வந்திருக்கேன்." பதில் இல்லை. இன்னொரு தடவை தட்டுவதற்குக் கையைத் தூக்கினீர்கள். அப்போதுதான் உள்ளே குக்கர் விசில் அடித்தது. உங்கள் கை அந்தரத்தில் நின்றது. பின்னாலேயே இன்னொரு விசில். அடுப்பை எரியவிட்டுவிட்டு யார் வெளியே போவார்கள்?

நீங்கள் கையை இறக்கினீர்கள். முந்தானையில் இருந்த ஓலைச் சிலுவையை எடுத்து, முத்தமிட்டு, ஜன்னல் கம்பியில் செருகினீர்கள். உள்ளே கேட்கிற மாதிரி கொஞ்சம் சத்தமாகவே சொன்னீர்கள்: "ஆளு இல்ல போல. வா, போவோம்."

பஸ் நிறுத்தத்து வேப்பமரத்தடியில் என்னால் பொறுக்க முடியவில்லை. "மதினி, அந்தக் குக்கரு..."

"எனக்கும் காது இருக்கு."

பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். "போறதுதான் நீ எனக்குக் குடுத்த ஒறுத்தல். அதைச் செஞ்சுட்டேன். தெறக்கிறது அவ ஒறுத்தல். அதை நான் செய்ய முடியுமா?" பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள். "யார்ட்டயும் சொல்லாத. உள்ள இருந்துக்கிட்டே தெறக்கலன்னு தெரிஞ்சா ஊரு அவளக் கேவலமாப் பேசும்."

வழிபாட்டில் சிலுவையை முத்தமிட வரிசையில் நின்றபோது உங்கள் தோள் குலுங்கியது. பாடுபட்ட ஆண்டவருக்காக என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

ஐப்பசி மழையில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் இறங்கவில்லை. உங்கள் அடக்கப் பூசையில் நான்தான் வாசகம் வாசித்தேன். இந்தத் தடவையும் ஒரு சொல்லில் சிக்கினேன். முன் வரிசையில் தலையசைக்க ஆள் இல்லை.

கல்லறைத் தோட்டத்துக்கு உங்கள் தங்கை வந்தாள். கூட்டத்துக்குப் பின்னால், ஒதுங்கித்தான் நின்றாள். உங்கள் வீட்டுக்காரர், என் அண்ணன், அவளைப் பார்த்ததும் குழிக்குப் பக்கத்தில் இருந்து ஓர் அடி விலகி வழிவிட்டார். அவள் மண்ணை அள்ளிப் போட்டாள். போட்ட பிறகும் கையை விரித்தபடியே வைத்திருந்தாள். கலைந்து போகும்போது என் பக்கத்தில் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்கு நான் உள்ளதான் இருந்தேன். அக்காவுக்குத் தெரியுமா?"

நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த இடம் எனக்கு உறைத்தது. "தெரியாது. ஆளில்லன்னு நெனச்சுத்தான் திரும்புனோம்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து அது எனக்குள் கிடந்து அறுக்கிறது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிட்டபோதும் அதைச் சொல்லவில்லை. பாவமா, புண்ணியமா, எந்தப் பக்கம் எழுதுவது என்றே தெரியவில்லை. உங்கள் வீட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் அண்ணன் டிவியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு உட்கார்ந்திருக்கிறார். உங்கள் மருமகளின் குழம்பில் இப்போது உப்பு சரியாக இருக்கிறது. அதைச் சொல்லிச் சிரிக்கவும் எனக்கு யாரும் இல்லை.

இன்று கோயில் முற்றத்தில் ஓலை எரிக்கிற சட்டிக்குப் பக்கத்தில் உங்கள் தங்கை நின்றாள். முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டாளாம். கையில் நீங்கள் ஜன்னலில் செருகிய சிலுவை. பின்னல் ஒன்றேதான், என்னுடையதைப் போலவே ஓரம் இரட்டை மடிப்பு.

"இத்தனை நாளு சாமி படத்துல வச்சிருந்தேன்" என்றாள். "ஆளில்லன்னு நெனச்சுத்தான இதை வச்சுட்டுப் போச்சு அக்கா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, மதினி. உங்கள் சொல்லைக் காப்பாற்றப் போய் நான் அவளிடம் இருந்து என்னத்தை எடுத்துவிட்டேன் என்று. ஆளில்லாத வீட்டில் வைத்த ஓலைக்கு ஓர் அர்த்தம். உள்ளே இருந்துகொண்டு திறக்காதவளுக்கு வைத்த ஓலைக்கு வேறு அர்த்தம். அந்த இரண்டாவதைத்தான் நீங்கள் வைத்தீர்கள்.

"குக்கர் விசில் கேட்டுச்சு" என்றேன். "மதினிக்கும் கேட்டுச்சு. தெரிஞ்சுதான் வச்சாக. யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னாக, உங்க பேரு கெட்டுடும்னு."

அவள் அழவில்லை. கையில் இருந்த ஓலையைத் திருப்பிப் பார்த்தாள். "பருப்பு" என்றாள். "ரெண்டாம் விசிலோட அடுப்ப அமத்திட்டேன், சத்தம் வெளிய கேக்குமேன்னு. பருப்பு வேகல. அப்படியே தொட்டியில கொட்டிட்டேன்."

அவள் தன் ஓலையைப் போட்டாள். நானும் போட்டேன். இரண்டும் ஒன்றாகச் சுருண்டு கறுத்தன. அந்தச் சாம்பலைத்தான் அவள் நெற்றியிலும் என் நெற்றியிலும் பூசினார்கள். பூசை முடிந்ததும் அவள் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போனாள். நான் கூடப் போகவில்லை. அது உங்கள் இரண்டு பேருக்குமானது.

உங்களிடம் கேட்காமல் சொல்லிவிட்டேன். கோபமா என்று தெரியவில்லை. பெரிய வாரம் மறுபடி வரப்போகிறது. இந்த வருஷம் எனக்கு ஒறுத்தல் கொடுக்க யாரும் இல்லை. உங்கள் சொல்லை மீறியதுதான் இந்த வருஷத்து ஒறுத்தல் என்று வைத்துக்கொள்கிறேன்.

நெற்றியில் இருந்தது வேர்வையில் கரைந்துவிட்டது. ஆனால் போன வருஷத்தில் இருந்து ஒன்று மட்டும் என் கையோடு ஒட்டிக்கொண்டது, மதினி. அடுப்பில் குக்கரை ஏற்றியதும் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து வைத்துவிடுகிறேன். தெருப்புழுதி வந்தாலும் பருப்பு வெந்து முடியும்வரை சாத்துவதில்லை.