மனையில் திறந்து கிடக்கும் வானம்

மரியே வாழ்க.

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு, தோஹாவிலிருந்து சகாயம். எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

போன வாரம் ஒரு வேடிக்கை. நாங்கள் தங்கப்போகும் ரெடிமேட் கொட்டகைக்கு இடம் தயார் செய்யச் சொன்னார்கள். கொத்தன் கை சும்மா இருக்குமா? அஸ்திவாரம் போடுவதாக நினைத்து, நம் ஊர் வழக்கப்படி நாலு பக்கமும் இரண்டடி ஆழக் குழியாக வானம் தோண்டிவிட்டேன். உத்தமபாளையத்து சிக்கந்தர் மேஸ்திரி விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏலே, இதுக்கெதுக்கு வானம்? ஆறு மாசத்துல கொட்டகையவும் தூக்கிருவாக, நம்மளையும் தூக்கிருவாக."

தோண்டியதை நானே மூடி, ஜல்லி கொட்டிச் சமப்படுத்தினேன்.

வீடு கட்டவென்று தோண்டி, ஆறு வருடமாக நம் மனையில் கிடக்கும் வானத்தில் கோழி விழுகிறது, மூடிவிடவா என்று கேட்டிருந்தீர்கள். முள் வெட்டி அடைத்து வையுங்கள். கம்பெனி பஸ் வந்துவிட்டது. மூடாதீர்கள் அப்பா. நான் தோண்டியதில் மூடாமல் இருப்பது அது ஒன்றுதான்.

மகன்,
சகாயம்