வேரும் அதே மரம்

ஜூன் 3
நான் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்துகூடப் போட வராது. பிரசவ லீவில் அவளுக்கும் பொழுது போகவில்லையாம்.

மகன் கொத்தனாரோடு வந்து பின்பக்கத்தை அளந்தான். பிறக்கப்போகிற குழந்தைக்கு அறை. கொய்யா மரம் நடுவில் நிற்கிறது. "ஜூலைல வெட்டிடலாம்பா" என்றான். சரி என்றேன். வேறென்ன சொல்ல?

ஜூன் 4
மனசு ஓரிடத்தில் உட்காரவில்லை. விதையில்லாத கொய்யா அது. பல் போன நானும் தின்னக்கூடிய ஒரே கொய்யா. விதை இல்லையென்றால் முளைக்கப்போட என்ன இருக்கிறது? மரம் போனால் சாதியே போச்சு. பதியன் போட்டே ஆகவேண்டும்.

மூன்று கிளைகளில் பட்டையை வளையமாகச் சீவினேன். வழவழப்பு போகச் சுரண்டி, ஈர நார் வைத்து, பாலித்தீன் தாளால் இறுகக் கட்டினேன். கட்டுக்குள் வேர் விட்டால் கிளையை அறுத்து நட்டுவிடலாம்.

பக்கத்து வீட்டுச் சம்பந்தி மதில்மேல் தலை நீட்டினார். மருமகளின் அப்பாதான். மரம் அவர் பக்கம் இலை கொட்டுகிறது என்று வந்த சண்டையில் போன வருஷமே பேச்சு நின்றது. காக்கையிடம் சொல்வதுபோல, "மரத்துக்கு மாவுக்கட்டு போடறாங்க, கைகால் முறிஞ்சிருக்கும்போல" என்றார்.

நான் அவரைச் சொன்ன வார்த்தையை அவர் மகள் எழுத மாட்டேன் என்கிறாள்.

ஜூன் 12
பிரித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

ஜூன் 15
மறுபடியும் பார்த்தேன்.

ஜூன் 20
மகன் ஏணியை ஒளித்துவிட்டான். "அடுப்புல வச்ச உலையாப்பா அது, தெறந்து தெறந்து பாக்க?"

ஸ்டூல் போட்டு ஏறினேன். வெள்ளையாக ஒரு நுனி. வேரா, பூஞ்சையா? தொட்டேன். ஒடிந்துவிட்டது. வேர்தான்.

என் கையை வெட்டிப் போடணும்.

ஜூலை 2
காற்றுப் புகுந்து மூன்று கட்டும் காய்ந்துவிட்டன. மகனிடம் ஒரு மாதம் தவணை கேட்கலாமா? மருமகளின் வயிற்றைப் பார்த்தேன். கேட்கவில்லை.

எழுதுவதை நிறுத்திவிட்டு, "கேளுங்க மாமா" என்கிறாள். மாட்டேன்.

ஜூலை 5
வெட்டியாச்சு. அடிமரத்தைப் பொக்லைன் வண்டி வந்து பிடுங்கிப்போட்டது. ஓடிப்போய்க் குச்சிகளை நறுக்கி மண்ணில் குத்திவைத்தேன். கொய்யாவில் முற்றின குச்சி லேசில் வேர் பிடிக்காது. தெரியும். தெரிந்தும் குத்தினேன்.

ஜூலை 16
குச்சிகள் காய்ந்தன.

ஆகஸ்ட் 9
துணி எடுக்க மாடிக்குப் போனவன் மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். தரையில் இரண்டு தளிர். கொய்யா! வண்டி இழுத்தபோது அறுந்த வேர் அங்கே மண்ணுக்குள் கிடந்து துளிர்த்திருக்கிறது. ஒட்டுக்கன்றாய் வந்த மரமென்றால் அடிவேர் வேறு சாதி, பயனில்லை. ஆனால் இது என் கல்யாணமான வருஷம் நானே பதியன் போட்டு எடுத்தது. வேரும் அதே மரம்தான்.

பக்கத்தில் சம்பந்தி, களைக்கொத்தும் கையுமாக. என்னைக் கேட்காமல் என் வாய் கத்தியது.

"சம்பந்தி! அதப் புடுங்கிடாதீங்க!"

நிமிர்ந்தார். "அட, பேச வருதே! இது என் மண்ணுல மொளச்சது."

"வேர் என்னுது!"

"அப்ப வேரை மட்டும் எடுத்துக்குங்க."

உள்ளே போய்விட்டார். களைக்கொத்து அங்கேயே கிடக்கிறது.

ஆகஸ்ட் 10
மாடிக்கு ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறேன். தளிர் இருக்கிறது. நாளைக்கு இருக்குமா? "நீங்களே போய்க் கேளுங்க மாமா" என்கிறாள். நானா? அவர் வாசலுக்கா?

ஆகஸ்ட் 11
போனேன்.

செப்டம்பர் 2
இன்று மகன் எழுதுகிறான். பெண் பிறந்திருக்கிறாள். இரண்டு உயிரும் நலம்.

சம்பந்தி தளிருக்குத் தண்ணீரைக் குடம்குடமாக ஊற்றுகிறார். அழுகிவிடும் என்றால், "உங்களாட்டம் பிரிச்சுப் பிரிச்சா பாத்தேன்?" என்கிறார். காலையில் சண்டை போடப் போனால் மத்தியானம்தான் வீடு திரும்ப முடிகிறது. சொன்னால் கேட்கிற ஆளில்லை. நாளைக்கும் போகவேண்டும்.