அட்டைக்கு மேலேயும் கீழேயும்

என் மேசைமேல் ஒரு வாக்குத்தத்த அட்டை கிடக்கிறது. ரோஜாப்பூப் படம், ஓரத்தில் தங்கக் கோடு, நடுவில் நோய் சுகமாவதைப் பற்றி ஒரே ஒரு பைபிள் வசனம். அன்று உனக்குக் கொடுத்த அதே மாதிரி அட்டை. காலையில் ஸ்டெல்லா கொண்டுவந்து வைத்துவிட்டு அழுதாள். ஆமாம்டி, அதே ஸ்டெல்லாதான்.

புத்தாண்டு ஆராதனையில் தட்டு வரும்போது எல்லோரும் கண்ணை மூடி ஓர் அட்டை எடுப்போம். இந்த வருஷத்துக்கு ஆண்டவர் சொன்னது இதுதான் என்று பீரோக் கதவில் ஒட்டுவோம். நீயும் எடுப்பாய். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அந்த அதிகாரம் முழுவதையும் படித்த பிறகுதான் ஒட்டுவாய். "மேலயும் கீழயும் படிக்காம எப்படி? யார் வீட்டுக் கடுதாசியோ!" என்று சிரிப்பாய். வேங்கிக்காலில் உன் வீட்டில் புதன்கிழமை பைபிள் ஸ்டடியும் அப்படித்தான் நடந்தது. மெதுவாக நடக்கும். சில நாள் எனக்குக் கொட்டாவிகூட வரும்.

பிறகு செங்கம் ரோட்டில் ஹால் எடுத்து அந்தப் பிரசங்கியார் வந்தார். உனக்குக் கிட்னி போய் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்த சமயம். உன் தலையில் கைவைத்து ஜெபித்து, அட்டையைக் கொடுத்தார். "விசுவாசம் இருந்தா இனிமே மெஷின்கிட்ட போகாதம்மா" என்றார். ஹாலே அல்லேலூயா போட்டது. பஸ்ஸில் நீ அட்டையைப் புரட்டிப் பார்த்தபடி சொன்னாய்:

"எனக்கும் ஆசையா இருக்குடி. அந்த ஊசியை இனிமே பாக்கவே வேணாம்னு இருக்கு."

ஐயோ, எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் நீ பைபிளை விரித்தாய். அந்த வசனம் சிறைப்பட்டுப் போன ஒரு ஜனத்துக்குச் சொன்னது. மருந்தை விடு என்று மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அங்கிருந்து அப்போஸ்தலர் பவுலின் கடிதத்துக்குப் போனாய். அவர் கெஞ்சிக் கேட்டும் அவர் உடம்பில் முள்ளாய் இருந்த உபாதை நீங்கவில்லை. "பவுலுக்கே விசுவாசம் கம்மியா என்ன?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் டயாலிசிஸுக்குப் போனாய்.

ஸ்டெல்லா உட்படப் புதன்கிழமைக்காரர்கள் எல்லாம் ஹாலுக்குப் போய்விட்டார்கள். நாம் இருவர் மட்டும் படித்தோம். கார்த்திகை தீபத்துக்கு ஊரே நெரிந்த வாரத்தில் நீ கண்மூடிவிட்டாய். உன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றே ஸ்டெல்லா சொன்னாள், "விசுவாசம் இருந்திருந்தா பொழைச்சிருப்பா." என் வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

இப்போது அவள் வீட்டுக்காரர் அந்த அட்டையை நம்பி இன்சுலினை நிறுத்தினார்; காலில் புண் முற்றி, ஒரு காலையே டாக்டர்கள் எடுத்துவிட்டார்கள். "அவருக்கு விசுவாசம் பத்தலைன்னு பாஸ்டர் சொல்லிட்டாருக்கா. ஆஸ்பத்திரில சுவத்தைப் பாத்தே படுத்திருக்காரு" என்றாள்.

அன்று அவள் சொன்னதை அவளிடமே திருப்பிக் கேட்கலாமா என்று நாக்கு துடித்தது. அப்போது உன் கடைசி வாரம் நினைவுக்கு வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாயே: "பயமாத்தான் இருக்குடி. ஆனா என் தப்பால நான் சாகலை. அது தெரியும். அது போதும்."

உன் பைபிள் என்னிடம்தான் இருக்கிறது. நாளை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகிறேன். போன கால் வராது. ஆனால் அந்த மனுஷனைச் சுவரிலிருந்து இந்தப் பக்கம் திருப்பி, மேலேயும் கீழேயும் படித்துக்காட்டப் போகிறேன். ஸ்டெல்லாவையும் பக்கத்தில் உட்காரவைத்துத்தான்.