அம்மப்பாவுக்கு இருபத்துநான்கு அட்டைகள்

ஸ்காபரோ
09.02.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

ரதி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். நீங்களும் சுகமாக இருக்கிறீர்கள் என்று தெரியும். உங்கள் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தம்பி ராகுலனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதீர்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீங்களே வாசியுங்கள்.

மூன்று கிழமையாக நான் உங்கள் போனை எடுக்கவில்லை. போன் பழுது என்று தம்பிக்கு மெசேஜ் போட்டது பொய். நாங்கள் இருக்கும் பேஸ்மென்ட்டில் மேல்வீட்டார் இருமினாலும் எங்களுக்குக் கேட்கும். நாங்கள் பேசுவதும் அவர்களுக்கு அப்படித்தான். ஆகையால்தான் எழுதுகிறேன்.

பனி இந்த வருடம் அதிகம். இவருக்கு முதுகு நோ குறையவில்லை, ஆனாலும் வேலைக்குப் போகிறார். இராஜரட்ணம் அண்ணையின் பேக்கரியில்தான் இன்னும் வேலை. மேல்வீட்டுக்காரரும் அவர்தான். மே மாதம் எங்கள் அகதி விசாரணைக்குச் சாட்சிக் கடிதம் தரப்போகிறவரும் அவர்தான். கூரை, சம்பளம், கடிதம் எல்லாம் ஒரே மனிதரின் கையில். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

முதல் இருந்த வீட்டில், ஊரில் எவடம் என்று கேட்டார்கள். நான் உள்ளதைச் சொன்னேன். அடுத்த நாளிலிருந்து எங்களுக்கு மட்டும் தேத்தண்ணீர் கடதாசிக் கப்பில் வந்தது. இரண்டாம் மாதம், மகன் வாறான், இடம் வேணும் என்றார்கள். மகன் யாரும் வரவில்லை. அதனால் இந்த வீட்டில் அண்ணையின் மனைவி நிலாணி அக்கா அதே கேள்வியைக் கேட்டபோது, கோயிலுக்கு வடக்குப் பக்கம் என்றேன். அப்பா கச்சேரியில் கிளாக்காக இருந்து பென்சன் எடுத்தவர் என்றும் சொல்லி வைத்தேன். உங்களுக்கு அரசாங்க வேலை கிடைத்தது அப்படித்தான்.

இனித் தனுஷிகாவின் கதை. வந்த வருடம் அவள் வகுப்பில் வாய் திறக்கவில்லை. அப்போதிருந்த ரீச்சர், பாவம், யுத்தம் நடந்த நாட்டுப் பிள்ளை, கஷ்டப்படுத்தக்கூடாது என்று மூலையில் இருத்தி நிறந்தீட்டக் கொடுத்தார். ஊரில் கணக்கில் நூறு எடுத்தவள் அப்பா அவள். வருட முடிவில், பிள்ளை மந்தமோ என்று சோதிக்க வேண்டும், கையெழுத்து வையுங்கள் என்று ஒரு படிவம் வந்தது. நானும் இவரும் போய், ரீச்சர் சொன்னதற்கெல்லாம் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தோம். படிப்பிக்கிறவர்களை எதிர்த்துப் பேசி எங்களுக்கு எங்கே பழக்கம்.

இந்த வருடம் ஆறாம் வகுப்புக்கு மிஸ் பெய்லி வந்தார். ஜமேய்க்கா வழிக் கறுப்பினப் பெண். சோதனைப் படிவத்தை வாங்கித் தன் மேசை லாச்சிக்குள் போட்டார். பிறகு, வீட்டில் யாருக்கு என்ன வேலை தெரியும் என்று ஒவ்வொரு பிள்ளையும் சொல்ல வேண்டும், அதை வைத்துத்தான் பாடம் நடத்துவேன் என்றாராம். ஒருவனின் தகப்பன் கூரை போடுகிறவர். அதை வைத்துக் கோணங்கள் படித்தார்கள். என் மகள் எழும்பி, என்ரை அம்மப்பாவுக்கு எந்தக் கறையையும் எடுக்கத் தெரியும் என்றாளாம்.

வேட்டியில் பட்ட மஞ்சளுக்குச் சவர்க்காரம் போட்டால் சிவக்கும், பயந்துபோய்த் தேய்க்காதே, அலசி விரித்துவிடு, மிச்சத்தை வெயில் தின்னும் என்பீர்களே, அதைத்தான் சொல்லியிருக்கிறாள். மிஸ் பெய்லி அடுத்த நாளே மஞ்சளும் வெள்ளைத் துணியும் வாங்கிக்கொண்டு போனார். சவர்க்காரம் பட்டதும் ஏன் சிவக்கிறது என்று என் பிள்ளை முன்னால் நின்று அரைமணி நேரம் ஆங்கிலத்தில் விளக்கினாளாம். நீங்கள் உடுப்பு அவிக்கும் வெள்ளாவி, அழுக்கெடுக்கும் உவர்மண் என்ற சொற்களை அந்த வகுப்புச் சுவரில் தமிழிலேயே எழுதி ஒட்டினார்கள். அதற்குப் பிறகு அவள் வாய் மூடவில்லை. கணக்கும் வந்தது, வாசிப்பும் வந்தது. நவம்பர் ரிப்போட்டைப் பார்த்து இவர் அழுதார். நான் அவளிடம், வகுப்பில் வேறு என்னென்ன சொன்னாய் என்று கேட்டேன்.

ஜனவரியில் பள்ளிக்கூடங்களில் தமிழ் மரபு மாதம் கொண்டாடுவார்கள். கடைசி வெள்ளிக்கிழமை மாலை பெற்றோர் எல்லோரும் வருவார்கள். தனுஷிகாவின் மேசையில் நீங்கள் உடுப்புப் பொட்டலியோடு நிற்கும் படத்தைப் பெரிதாக்கி வைத்து, உங்களையும் வீடியோவில் கூப்பிட்டுப் பேச வைப்பது என்று ரீச்சரும் அவளும் முடிவு செய்திருந்தார்கள். உங்களிடமும் ஞாயிற்றுக்கிழமை போனில் அதைச் சொன்னாளாமே. நீங்கள் புதுச் சேட்டு எடுத்து வைத்ததாகத் தம்பி சொன்னான்.

மேல்வீட்டு மகள் செரீனாவும் அதே வகுப்புத்தான். நிலாணி அக்கா படிக்கட்டில் நின்று கேட்டார், தனு ஏதோ உடுப்பு வெளுக்கிற கதை சொன்னவளாமே, அது ஆர் எண்டு. நான் சிரித்துக்கொண்டே சொன்னேன், அது எங்கடை வீட்டுக்கு வெளுக்க வாற ஆள் அக்கா, பிள்ளை பாசத்திலை அம்மப்பா எண்டு கூப்பிடுறவள் என்று. அதுதானே பாத்தன், பிள்ளையளை உதுகளோடை அண்ட விடாதையும் என்றார். தனுஷிகா கதவடியில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் போனேன். மிஸ் பெய்லி கையைப் பிடித்து இருத்தி, தன்னுடைய அம்மம்மாவும் பிறர் வீட்டு உடுப்புத் தோய்த்தவர்தான், வருடாவருடம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்வேன் என்றார். உள்ளதைச் சொல்லிவிடுவோமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஆனால் எனக்காக மொழிபெயர்க்கப் போனில் ஒரு தமிழ்ப் பெண்ணைப் பிடித்திருந்தார்கள். நம்மூர்க் குரல். யாருக்கு என்ன சொந்தமோ. சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம். என் அப்பா நேற்றுச் செத்துப்போனார் என்று சொன்னேன்.

வாய் தவறிச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். பஸ்ஸில் போகும்போதே யோசித்துக்கொண்டுதான் போனேன். படத்தையும் நிறுத்த வேண்டுமே. முப்பத்தொராம் நாள் காரியம் முடியும்வரை செத்தவரின் படத்தை வெளியே வைப்பது எங்கள் பண்பாட்டில் இல்லை என்றேன். மிஸ் பெய்லி எழும்பி நின்று மன்னிப்புக் கேட்டார். எங்கள் பண்பாட்டின் மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை. படத்தைக் கவரில் போட்டு இரண்டு கையாலும் தந்தார்.

அப்பா, பிள்ளைக்கு முன்னமே தெரியும் என்று ரீச்சர் நினைத்துவிட்டார். அன்று பின்னேரம் வகுப்பை வட்டமாக இருத்தி, தனுஷிகாவைப் பக்கத்தில் அணைத்து வைத்துக்கொண்டு, அவளுடைய அம்மப்பா காலமான செய்தியைச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் இருபத்துநான்கு பேரும் ஆளுக்கொரு அட்டை செய்தார்கள். எல்லாவற்றிலும் கொடியில் காயும் வேட்டி. அந்த அட்டைக் கட்டோடு தனுஷிகா வாசலில் வந்து நின்று, உண்மையா அம்மா என்று கேட்டாள். பின்னால் செரீனா நின்றாள். நான் ஓம் என்றேன்.

இரவு மெல்லக் காதுக்குள் சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பதினொரு வயது, வாயில் ரகசியம் தங்காது. தங்கியிருந்தால் இவ்வளவும் வந்திருக்காது. மே மாதம் முடியட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று நிலாணி அக்கா மூன்று நாளும் சோறு கொண்டுவந்தார். கிளாக்கர் எப்பிடிச் செத்தவர், எத்தினை மணிக்கு எடுத்தவை எல்லாம் கேட்டார். இப்ப ஊரிலை உதுகளுக்கு ஆள் எடுக்கேலாதாமே, சாவீட்டுக்கு வெள்ளை கட்ட, வெளுக்கிற கட்டாடி வந்தவனோ என்றும் கேட்டார். வந்தவன் அக்கா என்றேன். தனுஷிகா அந்தச் சோற்றைத் தொடவில்லை.

விழாவுக்குப் போனோம். போகாவிட்டால் கதைப்பார்கள். செரீனா பரதம் ஆடினாள். எங்கள் மேசையில் வெள்ளைத் துணி மட்டும் விரித்துக் கிடந்தது. அன்றிலிருந்து பிள்ளை பள்ளிக்கூடத்தில் பேசுவதில்லை. துக்கம் ஆறட்டும் என்று மிஸ் பெய்லி காத்திருக்கிறார். ஆனால் அதிபர் பழைய படிவத்தை மறுபடி அனுப்பியிருக்கிறார். மிஸ் பெய்லி மொழிபெயர்க்கிற பெண்ணையும் சேர்த்து எனக்குப் போன் எடுத்து, வீட்டில் வேறு ஏதும் நடந்ததா, எனக்குச் சொல்லலாம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். முந்தநாள் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டேன்.

பதினெட்டாம் திகதி உங்கள் முப்பத்தொன்று. இந்தக் கடிதம் வந்து சேர முன்னரே அது முடிந்துவிடும். அன்றைக்கு உங்களுக்குப் படைக்க வேண்டிய கறிகளைத் தனுஷிகா எழுதித் தந்திருக்கிறாள். வாழைக்காய்ப் பொரியல், முருங்கைக்காய்க் குழம்பு, எள்ளுருண்டை. நான் எல்லாம் சமைப்பேன்.

தம்பியைப் பேஸ்புக்கில் உங்கள் படம் ஒன்றும் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். போன் நம்பரை மாற்றுகிறோம். விசாரணைக்குப் பிறகு பிள்ளையிடம் என்ன சொல்லி உங்களைத் திரும்பக் கொண்டுவருவது என்று எனக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்க்கிறேன், ஒரு வழியும் வரவில்லை. என்னைத் திட்ட வேண்டுமானால் திட்டுங்கள். அவளை மட்டும் அங்கிருந்தே வாழ்த்துங்கள்.

குளிருக்குள் தண்ணீரில் நிற்காதீர்கள். மருந்தை ஒழுங்காகப் போடுங்கள். நீங்கள் நூறு வயதுவரை இருக்க வேண்டும் அப்பா. இங்கே ஒருவருக்கும் தெரியாமல் இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகள்
ரதி